நெல்லிக்காய் முறிமருந்து ஆகாது: ஊரகக் களப்பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களுக்கும், உதவி வேளாண்மை அலுவலர்களுக்கும்,

உழவுக் குடும்பங்களின் வாசல்வரை சென்று இரத்த அழுத்தம் பார்ப்பவர்களும், பயிருக்கு எந்த மருந்தை எந்த அளவில் அடிப்பது என்று வரப்பில் நின்று சொல்பவர்களும் இன்று ஒரே ஊரில் பணியாற்றினாலும், ஒருவர் கேட்கும் கேள்வி மற்றவர் காதுக்கு எட்டுவதில்லை. இதயம் பற்றிய பேச்சு சுகாதாரத் துறையோடும், பூச்சிக்கொல்லி பற்றிய பேச்சு வேளாண் துறையோடும் நின்றுவிடுவதால், பூச்சிக்கொல்லி இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதை உழவரிடம் சொல்ல எவரும் இல்லாமற் போகிறது. அந்த இடைவெளியைத்தான் நெல்லிக்காய்ச் சாறும் மஞ்சள் பாலும் உடம்பிலுள்ள நஞ்சை முறித்துவிடும் என்ற அரைகுறைச் செய்தி இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறது. இச்செய்தியில் எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி ஆபத்து என்பதைப் பிரித்துக் காட்டுவதே இம்மடலின் நோக்கம்.

முதலில் நஞ்சின் வழியை அறிதல் வேண்டும். குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் என்னும் கரிம பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை, அதன் வேலை முடிந்ததும் சிதைத்து அகற்றும் நொதியை இவை முடக்கிவிடுகின்றன. அகற்றப்படாத அசிட்டைல்கோலின் தேங்கும்போது வியர்வை பெருகி, வாயில் எச்சில் ஊறி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குவதோடு, இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பும் இடைவிடாது தூண்டப்பட்டுத் துடிப்பு தளர்கிறது. சிலரிடம் தொடக்கத்தில் இதற்கு நேர்மாறாகத் துடிப்பு விரைவதும் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசை மின்தூண்டல் பெற்று, தன் மின்னூட்டத்தை மீட்டுக்கொள்ளும்வரை ஆகும் நேரம் ஈசிஜி வரைபடத்தில் கியூடி இடைவெளி எனப்படும். கரிம பாஸ்பரஸ் நஞ்சுற்றோரிடம் இவ்விடைவெளி நீண்டு, அதன் விளைவாக உயிருக்கு உலை வைக்கும் தாறுமாறான துடிப்பு தோன்றக்கூடும் என்பதை லுடோமிர்ஸ்கியும் அவர் குழுவினரும் 1982இலேயே எடுத்துக்காட்டினர். வாந்தியும் வியர்வையும் நின்றபின் தோன்றும் இத்தாறுமாறான துடிப்பே, நோயாளி தேறிவிட்டார் என்று எண்ணி முன்கூட்டியே வீட்டுக்கு அழைத்துச் செல்வதிலுள்ள பேராபத்து.

இது திடீர் நஞ்சேற்றத்தின் கதை. மயங்கி விழாமல், பருவந்தோறும் சிறுசிறு அளவில் நஞ்சை உள்வாங்கும் உடம்பில் நடப்பது வேறு வகையானது. உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும்போது, இணை சேராத எலக்ட்ரானைக் கொண்ட நிலையற்ற மூலக்கூறுகள் சிறிதளவு உதிரியாகத் தோன்றுவது இயல்பே. ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் இவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்கித் தமக்கு வேண்டிய எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கின்றன. பல பூச்சிக்கொல்லிகள் இந்த உற்பத்தியைப் பெருக்கியும், அதை அடக்கும் நொதிகளைக் குறைத்தும் இரட்டைக் கேடு விளைவிப்பதால் உண்டாகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். இதயம் இதற்கு எளிதில் இலக்காவதற்குக் காரணம் உண்டு. ஓயாமல் சுருங்கி விரியும் இதயத் தசை உயிரணுவின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியாக்களே நிறைத்திருக்கின்றன. ஆற்றல் மிகுதியாக உண்டாகும் அவ்விடத்திலேயே உதிரி மூலக்கூறுகளும் மிகுதியாகத் தோன்றுகின்றன. ஆனால் அவற்றை அடக்க உதவும் கேட்டலேஸ் போன்ற நொதியின் அளவோ கல்லீரலில் இருப்பதைவிட இதயத்தில் மிகக் குறைவு.

இவ்விடத்தில்தான் உணவு உள்ளே வருகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் எனப்படுபவை, தம் எலக்ட்ரானைத் தாமே கொடுத்து உதிரி மூலக்கூறுகளை அமைதிப்படுத்தும் பொருள்கள். அவற்றுள் வைட்டமின் ஈ உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பைக் காக்கிறது. அவ்வேலையில் தேய்ந்துபோன வைட்டமின் ஈயை வைட்டமின் சி மீட்டுத் தருகிறது. உடம்பே தயாரித்துக்கொள்ளும் குளூட்டாதயோன் இவ்விரண்டுக்கும் பின்னணியில் நிற்கிறது. குளூட்டாதயோன் மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் கந்தகம் உடைய சிஸ்டீன் புரத உணவிலிருந்தே பெரிதும் கிடைப்பதால், சோறும் ஊறுகாயுமாக நாளைக் கழிக்கும் கூலித் தொழிலாளியின் உடம்பில் இப்பாதுகாப்பு மெலிந்திருக்க வாய்ப்பு மிகுதி. பருப்பும் முட்டையும் மீனும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. உழைப்பாளி வீட்டில் முதலில் பேசப்பட வேண்டியவை அவையே.

பூச்சிக்கொல்லியையும் இதயத்தையும் நேராக இணைக்கும் மற்றொரு நொதி பாரோக்சோனேஸ் 1. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் துகள்களின்மேல் அமர்ந்து இரத்தத்தில் சுற்றிவரும் இது, கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து நாளச் சுவரில் படிவதைத் தடுக்க உதவுகிறது. குளோர்பைரிபாஸும் டயசினானும் கல்லீரலில் மாற்றம் பெற்று வீரியம் மிக்க வடிவத்தை அடையும்போது, அவ்வடிவத்தை வெட்டிச் செயலிழக்கச் செய்வதும் இதே நொதிதான். இதன் அளவு மரபுவழியாக ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதால், ஒரே வயலில் ஒரே மருந்தை அடித்த இருவருள் ஒருவருக்கு மட்டும் தலைசுற்றுவதில் வியப்பில்லை. பிறந்த குழந்தைகளிடம் இந்நொதி மிகவும் குறைவு. புகைபிடிப்போரிடமும் இதன் செயல் குன்றுகிறது. மாதுளைச் சாறு இதன் செயலைக் கூட்டியதாக இஸ்ரேலின் ஹைஃபா நகரில் மைக்கேல் அவிராம் குழுவினர் சிறு எண்ணிக்கையிலானோரிடம் கண்டறிந்தனர். ஆயினும் மாதுளை வாங்க வழியில்லாத வீட்டில் பீடியை விடச் சொல்வது அதே நொதிக்குச் செய்யும் செலவில்லாத உதவி.

உணவுப் பொருள்கள் பூச்சிக்கொல்லியிடமிருந்து இதயத்தைக் காக்கின்றன என்பதற்கான நேரடிச் சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தவை. துருக்கியின் அங்காராவிலுள்ள காசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், டயசினான் ஊட்டப்பட்ட எலிகளின் இதயத் திசுவில் கொழுப்புச் சிதைவின் அடையாளமான மாலோண்டையால்டிகைடு உயர்ந்தது. வைட்டமின் ஈ கொடுக்கப்பட்ட எலிகளில் அவ்வுயர்வும் தசைச் சேதமும் குறைந்தன, ஆனால் முற்றிலும் நீங்கவில்லை. ஈரானின் மஷாத் நகர ஆய்வாளர்கள் குங்குமப்பூவிலுள்ள குரோசின் என்ற நிறமியைக் கொண்டும் இதையொத்த பயனைக் கண்டனர். இவ்வாய்வுகள் செயல்முறையை விளக்குகின்றனவே தவிர, சமையலறைக்கு அளவு சொல்வன அல்ல. எலி ஆய்வுகளில் வழக்கமாகக் காணப்படும் வைட்டமின் ஈயின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம். எலிக்கும் மனிதருக்கும் உள்ள உடலியல் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு குறைத்தாலும், 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 2 கிராம் ஆகிறது. நூறு கிராம் நிலக்கடலையில் 8 மில்லிகிராம் அளவே வைட்டமின் ஈ இருப்பதால், அந்த 2 கிராமை நிலக்கடலையிலிருந்து பெறுவதற்கு நாளொன்றுக்கு 25 கிலோ தின்ன வேண்டியிருக்கும்.

அப்படியானால் மாத்திரையாக விழுங்கலாமே என்று உழவர் கேட்பது இயல்பு. மருந்துக் கடைகளும் அதற்கு ஆயத்தமாகவே இருக்கின்றன. பெரிய அளவில் மனிதரிடம் நடந்த சோதனைகளின் விடை அதற்கு எதிராக உள்ளது. இதயநோய் வாய்ப்பு மிகுந்த 9,541 பேரிடம் நடத்தப்பட்டு 2000இல் முடிவு வெளியான ஹோப் ஆய்வில், நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ உண்டதால் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதன் தொடர்ச்சியாக 2005இல் வெளியான முடிவில் இதயச் செயலிழப்பு சற்றுக் கூடியிருந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையில், கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தது. புகைபிடிப்போரையும் கல்நார்த் தொழிலாளரையும் கொண்ட அமெரிக்காவின் கேரட் (CARET) ஆய்வில், வைட்டமின் ஏயோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது அவ்வுயர்வு 28 விழுக்காடு ஆனதால், 1996இல் சோதனையே இடையில் நிறுத்தப்பட்டது. தொழிலில் நஞ்சை உள்ளிழுப்போருக்குக் காப்பாகக் கொடுக்கப்பட்ட மாத்திரை அவர்களுக்கே தீங்காய் முடிந்தது என்பதால், பூச்சிக்கொல்லி தெளிப்போருக்கு இத்தகைய மாத்திரைகளைப் பரிந்துரைப்பவர் இந்த முடிவுகளை அறிந்திருத்தல் கடமையாகிறது.

மனிதரிடம் நெடுங்காலம் நடந்த கண்காணிப்புகள் இரண்டு இங்கே குறிப்பிடத்தக்கவை. ஹவாயின் ஓவாஹு தீவில் வாழ்ந்த ஜப்பானிய வழி ஆண்களை 1960களின் நடுப்பகுதியிலிருந்து பின்தொடர்ந்த ஹொனலுலு இதய ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான கட்டுரை, தொழில்வழியாகப் பூச்சிக்கொல்லிக்கு மிகுதியாக ஆட்பட்டோரிடம் முதல் பத்தாண்டுகளில் இதயநோயும் பக்கவாதமும் ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அமெரிக்கச் செவிலியர்களையும் பிற நலப்பணியாளர்களையும் பின்தொடர்ந்த ஆய்வுகளிலிருந்து அதே ஆண்டு வெளியான மற்றொரு கட்டுரையில், பூச்சிக்கொல்லி எச்சம் குறைந்த காய்கனிகளை நாளொன்றுக்கு நான்கு பரிமாறல் அளவோ அதற்கு மேலோ உண்டோரிடம் இதயத் தமனி நோய் 20 விழுக்காடு குறைவாக இருந்தது. எச்சம் மிகுந்த காய்கனிகளை உண்டோரிடம் அப்பயன் தென்படவில்லை. இவை காரணத்தை நிறுவும் சோதனைகள் அல்ல, கண்காணிப்புகளே. என்றாலும் நலம் தரும் காயும் அதன்மேல் அடித்த மருந்தும் ஒரே தட்டில் எதிரெதிராக நிற்கக்கூடும் என்பதை இவை உணர்த்துகின்றன. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய காத்திருப்பு நாள்களை உழவர் கடைப்பிடிப்பது, வாங்குவோரின் இதயத்துக்கு மட்டுமன்றி, அதே கத்தரியையும் வெண்டையையும் தம் வீட்டுக்கும் பறித்துச் செல்லும் உழவர் குடும்பத்தின் இதயத்துக்கும் நன்மை.

ஆகவே உணவு பற்றிய அறிவுரை எளியதாகவும் நேர்மையாகவும் இருத்தல் வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகளைப் பரிந்துரைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவில் இருப்பதால், கொல்லையில் ஒரு கொய்யா மரம் உள்ள வீட்டுக்கு இதில் குறை வராது. முருங்கைக்கீரையின் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால், ஒரு கரண்டி நல்லெண்ணெயோ ஒரு பிடி தேங்காய்த் துருவலோ சேர்த்து வதக்கினால் உடம்பில் நன்கு சேரும். எள்ளிலுள்ள செசமின், சின்ன வெங்காயத்திலுள்ள குவர்செட்டின், கேழ்வரகின் தவிட்டிலுள்ள பாலிபீனால்கள் ஆகியவையும் அன்றாட உணவின் வழியே கிடைப்பவை. கேழ்வரகைத் தவிடு நீக்கிச் சலித்து வெள்ளையாக்கினால் அப்பயன் சல்லடையில் தங்கிவிடும். மஞ்சளைப் பற்றிய மிகைப்பேச்சுக்கு மட்டும் ஒரு வரம்பு தேவை. மஞ்சள் தூளில் குர்குமின் 3 விழுக்காடு அளவே உள்ளது. அதுவும் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சுதல் இருபது மடங்கு கூடுவதைப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் கண்டனர் என்றாலும், அச்சோதனையில் கொடுக்கப்பட்டது 2 கிராம் தூய குர்குமின். குழம்பில் இடும் ஒரு சிட்டிகை மஞ்சள் அந்த அளவை நெருங்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உணவால் ஈடுசெய்ய முடியாத வாயில் ஒன்று எஞ்சுகிறது. அது தோல். கலிபோர்னியாவில் மைபாக்கும் அவர் குழுவினரும் 1971இல் வெளியிட்ட ஆய்வில், பாரத்தியான் என்ற கரிம பாஸ்பரஸ் நஞ்சைத் தன்னார்வலர்களின் உடலின் பல பகுதிகளில் தடவி, எவ்வளவு உட்செல்கிறது என்று அளந்தனர். முன்கையில் தடவியதில் ஏறத்தாழ 9 விழுக்காடும், உள்ளங்கையில் 12 விழுக்காடும், தலைத்தோலில் 32 விழுக்காடும், நெற்றியில் 36 விழுக்காடும், அக்குளில் 64 விழுக்காடும் உட்சென்றன. விரைப்பையில் தடவியது ஏறத்தாழ முழுவதுமே உட்சென்றது. இவ்வெண்களை மனத்தில் கொண்டு மருந்தடிக்கும் ஒருவரை நோக்கினால் ஆபத்து எங்கே உள்ளது என்பது விளங்கும். மூடி சரியாக இறுகாத டேங்கிலிருந்து கசியும் மருந்து முதுகு வழியே இறங்கி இடுப்புத் துணியை நனைக்கிறது. காற்றுக்கு எதிரே நடக்கும்போது சாரல் தலைப்பாகையில் படிகிறது. வியர்வை கண்ணை மறைக்க, அதே துண்டால் நெற்றி துடைக்கப்படுகிறது. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதிச் சரிசெய்யப்படுகிறது. வரப்பில் உட்கார்ந்து கைகழுவாமல் பீடி பற்றவைக்கப்படுகிறது. நனைந்த இடுப்புத் துணியோடு மாலைவரை நிற்பவர் மறுநாள் உண்ணும் நெல்லிக்காய், அந்நேரம் முழுதும் தோல்வழியே சென்ற நஞ்சைத் தேடிப்பிடித்து வெளியேற்றுவதில்லை.

மஹாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017இல் பருத்திக்கு மருந்தடித்தவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் இறந்ததும், அதே பருவத்தில் தமிழ்நாட்டின் பெரம்பலூர்ப் பகுதிப் பருத்திக் காடுகளில் உயிரிழப்புகள் நேர்ந்ததும் நஞ்சைக் குடித்ததால் அல்ல, தெளித்ததால். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பயிருக்குள் நின்று மேல்நோக்கித் தெளிக்கும்போது சாரல் முகத்திலும் தலையிலுமே விழுகிறது. மோனோகுரோட்டோபாஸின் 36 விழுக்காட்டுக் கரைசலை மத்திய அரசு 2023இல் தடைப் பட்டியலில் சேர்த்தது நல்ல முடிவு. ஆயினும் கடையில் உள்ள பிற மருந்துகளின் கடுமையை உழவர் தாமே அறிந்துகொள்ள, புட்டியின் ஒட்டுத்தாளிலுள்ள வண்ணக் குறியே துணை. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு; மஞ்சள் கடும் நஞ்சு; நீலம் இடைப்பட்டது; பச்சை குறைந்த நச்சுடையது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறியக்கூடிய இக்குறியை விளக்குவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மருந்தடித்தவருக்கு வியர்வை கொட்டி, எச்சில் ஒழுகி, கண் மங்கி, மார்பு இறுகினால், பாலோ மோரோ எலுமிச்சைச் சாறோ புகட்டிக்கொண்டு காத்திருத்தல் கூடாது. மயங்கியவர் வாயில் ஊற்றியது மூச்சுக்குழாயில் இறங்கி உயிரையே பறிக்கலாம். நனைந்த துணியைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடம்பைக் கழுவி, 108 ஊர்தியை அழைத்து, மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்வதே செய்யத்தக்கது. கரிம பாஸ்பரஸ் நஞ்சுக்கு அட்ரோபின் ஊசிதான் உயிர்காக்கும் மருந்து. நெல், சோளக் கிடங்குகளில் வைக்கப்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோ இதயத் தசையின் மைட்டோகாண்ட்ரியாவையே முடக்குவது. அதற்கு நேரான முறிமருந்து எதுவும் இல்லை.

இவற்றின் அடிப்படையில் களப்பணியாளர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும், அண்மையில் மருந்தடித்தவர் எவரேனும் உண்டா என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டெனலால் போன்ற மாத்திரை உண்பவர் தெளிப்பு வேலைக்கும் செல்வாரானால், இரண்டும் துடிப்பைத் தளர்த்தக்கூடியவை என்பதால் அதை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்; மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரண்டாவது, பரிந்துரைக்கும் அளவை மூடிக்கணக்கில் சொல்லாமல் மில்லிலிட்டரில் சொல்லி, அளவுக் குவளையும், கசியாத டேங்கும், முழுக்கைச் சட்டையும், கையுறையும், தெளித்த அன்றே தனியாகத் துவைத்த துணியும் ஏன் தேவை என்பதை இதயத்தோடு சேர்த்து விளக்குங்கள். மூன்றாவது, கீரையும் கொய்யாவும் பருப்பும் முட்டையும் நாள்தோறும் உண்ணச் சொல்லும்போது, அவை நெடுநாள் உடம்பைத் தேற்றும் உணவுகளே, நஞ்சுக்கு முறிமருந்து அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். நல்ல உணவு உண்பவர் கையுறை இல்லாமலும் மருந்தடிக்கலாம் என்ற எண்ணம் ஒரு வீட்டில் தோன்றினாலும், அந்த உணவு அறிவுரை நன்மையைவிடத் தீமையையே செய்ததாகும்.